பின் ஆக்ஸிலுக்கு ஏழு மார்க்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு எச்சரிக்கை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்துவிட்டால், ஊரில் உங்களை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் கூட மறந்துவிட்டு, "மாப்ள, எந்த வண்டி ஸ்ட்ராங்கு?" என்பார். முடிவெட்டப் போனால் கத்தரிக்கோல் அந்தரத்தில் நிற்கும். என் மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி, பெண்ணைப் பற்றி ரெண்டே கேள்விதான் கேட்டார். மீதி நேரமெல்லாம் வண்டியைப் பற்றித்தான். நானும் சளைக்காமல் பதில் சொன்னேன், பெண்ணும் அவர் வீட்டுக்கே போனாள்.

கப்பலூரில் முப்பத்து நாலு வருடம் இந்த வண்டிகளோடு கிடந்தேன். ஓய்வு பெற்று ரெண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே வரியில் பதில் கிடையாது. ஆனால் ஒரு முறை, மார்க் போட்டே பதில் சொன்னேன். அதில் நான் பண்ணின கூத்தைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் நம் ஊர் சங்கதி ஒன்று. மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தரை தட்டையாகத்தான் கிடக்கிறது. அலங்காநல்லூர்ப் பக்கம் வயலுக்குள் ஓட்டினாலும் மழைக்காலத்தில் நாலு நாள் சேறு, அவ்வளவுதான். அதனால் இங்கே ஆசைப்பட்டு இந்த வண்டி வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், நாலு சக்கரத்தையும் பூட்டுகிற அந்தக் குட்டி லீவரைத் தொடுவதே இல்லை. கேரி பேக் மாட்டுகிற ஆணியாகத்தான் அது பயன்படும். அவர்கள் தொடாததால் நாங்களும் தொடுவதில்லை. காய்ந்த தார் ரோட்டில் அதைப் போடவும் கூடாது. ஆகவே வேலை முடிந்த வண்டியை நாலு வழிச்சாலையில் பின்சக்கர இழுப்பில் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்போம், சத்தம் இல்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடுவோம். எங்கள் பட்டறை வழக்கம் இது. யாரும் தப்பு என்று நினைத்ததில்லை, நான் உட்பட.

இப்போது ஜெசிந்தா டீச்சருக்கு வருகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. கணவர் அருள் சார் அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்து முன்னாலேயே ஓய்வு பெற்றவர், ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லாத மனிதர். ரெண்டு பேருமாக இமாச்சலத்துக்குப் போய் மூன்று மாதம் மலையில் சுற்றுவது என்று முடிவு. ஓட்டப் போவது டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து போன் போட்டு, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று அழாத குறை. டீச்சர் மசியவில்லை.

அவர் ரெண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று பழையது, லீவர் போட்டுப் பூட்டுகிற இரும்பு மாடு. இன்னொன்று புதியது, குமிழைத் திருகினால் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

"மூர்த்தி அண்ணே, எது ஸ்ட்ராங்குன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். "ரெண்டுக்கும் மார்க் போட்டுக் குடுங்க. பாகம் பாகமா, பத்துக்கு எம்புட்டுன்னு."

"மார்க்கா?"

"எம்பது பிள்ளைங்க பேப்பர நான் திருத்துறேன். ரெண்டே ரெண்டு வண்டிய நீங்க திருத்த மாட்டீங்களா?"

ரெண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். புதிய வண்டி நல்ல பிள்ளை. ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினாலும் தானே சரி பண்ணிக்கொள்ளும். ஆனால் முன்சக்கரத்துக்குச் சக்தி போகிற இணைப்பு மணலில் ரொம்ப நேரம் உழைத்தால் சூடாகிவிடும், விளக்கை எரியவிட்டு முன்பக்கத்தைத் தானாகவே கழற்றிவிடும். கோளாறு வந்தால் மலை மேலே சரிபார்க்க மிஷினும் கிடையாது, ஆளும் கிடையாது. பழைய வண்டி முரடு. கியர்பாக்ஸ், சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸில் எல்லாம் தடித்த இரும்பு. எந்த ஊர்ப் பட்டறையிலும் சுத்தியலும் ஸ்பானரும் இருந்தால் எழுப்பி நிறுத்திவிடலாம். ஒரே குணக்கேடு, சொன்னதைச் செய்யும். தப்பாகச் சொன்னாலும் அதையும் செய்யும்.

பழையதுக்கு எல்லாப் பாகத்துக்கும் எட்டு, ஒன்பது என்று போட்டேன். பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஏழு. உள்ளே இருந்த பல்சக்கர செட்டில், அதுதான் கிரவுனும் பினியனும், பற்களின் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி லேசான புள்ளிகள். ஓடும், ஆனால் மெல்ல முனகும்.

டீச்சர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மூணு மார்க் கொறச்சீங்க?"

அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். அவர் சும்மாதான் கேட்டார். எனக்கு என்னவோ என்னையே ஃபெயில் ஆக்கிவிட்ட மாதிரி ரோசம் வந்துவிட்டது. "அத நான் பத்தாக்கித் தாரேன் டீச்சர்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா!

டீச்சர் பழைய வண்டியை வாங்கினார். நான் சிம்மக்கல்லில் தெரிந்த பழைய பாகக் கடைக்குப் போனேன். அதே வண்டியின் பெரிய அண்ணன், பாரம் ஏற்றுகிற மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய பின் ஆக்ஸில் செட் இருந்தது. கையில் எடுத்ததும் அசந்துபோனேன். பல் ஒவ்வொன்றும் தடித் தடியாக இருந்தது, புள்ளி இல்லை, கீறல் இல்லை. டீச்சர் வண்டியின் கூட்டுக்குள் அப்படியே உட்கார்ந்தது. நாலு வழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முனகல் போயே போச்சு. மிதித்தால் முன்னைவிட வெடுக்கென்று இழுத்தது. "பாத்தீங்களா டீச்சர், பிக்கப்பே கூடிருச்சு" என்று பெருமை பீற்றிக்கொண்டேன். பேனாவை வாங்கி ஏழை அடித்துவிட்டுப் பத்து போட்டேன்.

நேராக இமாச்சலம் போகவேண்டாம், முதலில் நம்ம மலையில் பழகுங்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். போடிக்கு மேலே டீச்சரின் தம்பிக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குப் போகிற பாதை வெறும் பாறையும் சேறும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். தோட்டத்து ஜீப்புகள் மட்டும்தான் போய்வரும். அங்கே ஒரு வாரம் லீவரைப் போட்டு ஏறி இறங்கிப் பழகிவிட்டு வடக்கே கிளம்புவது என்று ஏற்பாடு.

கிளம்பின அன்று காலை ஒன்பது மணி இருக்கும், தேனியில் டீ குடிக்க நிறுத்திய இடத்திலிருந்து டீச்சர் போன் பண்ணினார்.

"அண்ணே, வண்டி பஞ்சு மாதிரி போகுது. ஒரு சின்ன சந்தேகம். மீட்டர்ல எம்பதுன்னு காட்டுறப்ப போன் மேப்புல எழுவத்திரெண்டுதான் காட்டுது. இவரு போன்தான் தப்புங்குறாரு."

அந்த நேரம் என் முன்னால் மூன்று வண்டிகள் நின்றன. "டயர்ல காத்துக் கொறவா இருக்கும் டீச்சர். அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, போயிட்டு வாங்க" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். ஃபோர்மேன் நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்தால், எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் வாயில் வந்து நிற்கும். அந்த வியாதி உங்களுக்கும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மனசு மட்டும் அங்கேயே நின்றது. காற்றுக் குறைந்தால் இந்த அளவு வித்தியாசம் வராது. எண்பதுக்கு எட்டு போகிறது, பத்தில் ஒரு பங்கு. பிக்கப் வேறு கூடியிருக்கிறது. ஏன் கூடியது? தடித்த பல் வண்டியைத் தாங்கும், வேகமாக இழுக்க வைக்காதே!

டீச்சர் வண்டியிலிருந்து கழற்றிய பழைய செட் மூலையில் எண்ணெய்த் தட்டில் கிடந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினேன். கிரவுனில் முப்பத்தொன்பது பல், பினியனில் பத்து. சிம்மக்கல் கடைக்காரருக்குப் போன் போட்டு, அதே மாடல் செட் இன்னொன்று இருந்தால் எண்ணிச் சொல்லச் சொன்னேன். அவர் எண்ணிவிட்டு, "நாப்பத்திமூணுக்குப் பத்துண்ணே" என்றார்.

கையிலிருந்த பல்சக்கரத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மீட்டர் எண்ணுவது ஆக்ஸிலுக்கு முன்னால் சுற்றுகிற தண்டைத்தான்; பின்னால் பல் கூடினால் வண்டி வெடுக்கென்று இழுக்கும், ஆனால் சக்கரம் மெல்லச் சுற்றும், அது மீட்டருக்குத் தெரியாது. அந்த லீவரைப் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ரெண்டு பக்கமும் பல் கணக்கு ஒன்றாக இருந்தால்தான் நாலு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். முன்னால் கம்பெனி போட்ட முப்பத்தொன்பது, பின்னால் நாற்பத்து மூன்று என்றால் முன்சக்கரம் ஓடப் பார்க்கும், பின்சக்கரம் இழுத்துப் பிடிக்கும். லீவர் போடாதவரை ஒன்றும் தெரியாது. போட்டுவிட்டுப் பாறைச் சரிவில் இறங்கினால் ஏதாவது ஒரு ஜோடிச் சக்கரம் வழுக்கியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். அது உடைந்தால் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிற எஞ்சின் இழுவையும் போய்விடும், பிரேக் மட்டும்தான் மிச்சம். பக்கத்தில் பள்ளம். பத்துக்குப் பத்து போட்டு நான் அந்த ரெண்டு பேரையும் அங்கே அனுப்பியிருந்தேன்.

டீச்சருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், அப்படி ஒரு ஒழுக்கம். அருள் சாருக்குப் போட்டேன், எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி, மறுபடி. ஒருபக்கம் போன், ஒருபக்கம் பழைய செட்டைச் சாக்கில் சுற்றிப் பட்டறை வண்டியில் ஏற்றுகிறேன். அப்போதும் மனசுக்குள் ஒரு திருட்டுப் பயல் இருந்தான். "லீவர மட்டும் போடாதீங்க, திரும்பி வந்ததும் சின்னதா ஒரு வேலை இருக்குன்னு சொல்லிரு. தப்புன்னு ஏன் சொல்ற?" என்றான். நிஜமாகவே சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு நன்றாகத்தான் பட்டது.

திருமங்கலம் தாண்டி ஓரமாக நிறுத்தி மறுபடி அடித்தபோது அருள் சார் எடுத்தார்.

"அடடே, மூர்த்தியா! சாப்டாச்சா?"

"சார், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

"நாங்க தேனியிலயே சாப்டோம். இட்லி நல்லா இருந்துச்சு. என்ன, சாம்பாருதான் கொஞ்சம்..."

"சார்! வண்டி எங்க நிக்குது?"

"தோட்டத்துப் பாதைக்கு வந்துட்டம்ல. இப்பத்தான் அந்தக் குட்டி லீவரப் போடப் போறா. இந்தா, கைய வச்சிட்டா."

"போட வேணாம்! சார், போட வேணாம்னு சொல்லுங்க!"

நான் கத்திய கத்தில் ரோட்டோரம் பதநீர் விற்றவர் திரும்பிப் பார்த்தார். போன் கை மாறுகிற சத்தம். பிறகு டீச்சர் குரல், நிதானமாக: "என்ன அண்ணே?"

திருட்டுப் பயல் சொல்லிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் பாதி உண்மை சொன்னால் அவர் பாதிதான் நம்புவார். தம்பி தோட்டத்து ஆட்கள் "ஒண்ணும் ஆகாதுக்கா, போடுங்க" என்றால் போட்டுவிடுவார். உயிர் போகிற விஷயத்தில் பாதி சொல்வதும் பொய்தான்.

"டீச்சர், நான் தப்புப் பண்ணிட்டேன். பின்னாடி நான் போட்ட செட்டு வேற கணக்கு. லீவரப் போட்டா வண்டி உங்க சொல்லுக் கேக்காது. காலைல காத்துன்னு சொன்னதும் சும்மா வாய்க்கு வந்தது."

கணக்கு டீச்சர் கணக்கைத்தான் முதலில் கேட்டார்.

"முன்னாடி எத்தன பல்லு?"

"முப்பத்தொம்பதுக்குப் பத்து."

"பின்னாடி?"

"நாப்பத்திமூணுக்குப் பத்து."

"போடுறதுக்கு முன்னாடி எண்ணுனீங்களா?"

"இல்ல டீச்சர்."

"எண்ணாமயா பத்துக்குப் பத்து போட்டீங்க?"

என் அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை. குரலே உயரவில்லை, அதுதான் கொடுமை. "வண்டி இங்கயே நிக்கும். நீங்க வாங்க" என்று வைத்துவிட்டார்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். பாதை தொடங்குகிற இடத்தில் ஏலக்காய் மூட்டை இறக்கி வைக்கிற தகரக் கொட்டகைக்குள் வண்டி நின்றது. என்னைக் கண்டதும் என்ன சொல்வார்களோ என்று வாசலிலேயே தயங்கினேன். டீச்சர் முதலில் தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினார். "சாப்பிட்டுட்டு வேலையப் பாருங்க. பசியோட பாத்தா மறுபடி எண்ண மாட்டீங்க." அவ்வளவு பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

தனியாளாகக் கழற்றினேன். அருள் சார் கிளார்க் வேலையை விட்டாலும் அது அவரை விடவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் வாங்கி வரிசையாகத் தாளில் வைத்து நம்பர் எழுதினார். டீச்சர் பழைய செட்டைத் துணியால் துடைத்து, ஒரு பல்லில் நெயில் பாலிஷால் பொட்டு வைத்து, அங்கிருந்து தொடங்கி ரெண்டு தடவை எண்ணினார். ரெண்டு தடவையும் முப்பத்தொன்பது.

"இதுல புள்ளி இருக்கு டீச்சர். கொஞ்சம் முனகும். ஏழு மார்க்குதான்" என்றேன்.

"ஏழு பாஸ் மார்க்குதானே? அது போதும். பத்தெல்லாம் யாரு கேட்டா?"

வேலை முடிய இருட்டிவிட்டது. மறுநாள் காலை சாவியை நீட்டி, "இனி ஒண்ணும் ஆகாது டீச்சர், தைரியமாப் போங்க" என்றேன். அவர் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"இந்தப் பாதையில, லீவரப் போட்டு, நீங்க சரி பண்ணுன வண்டியில எத்தன தடவ எறங்கியிருக்கீங்க?"

யோசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழில். நூற்றுக்கணக்கான வண்டிகளை, "தைரியமாப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒன்றில்கூட, லீவர் போட்டுச் சரிவில் இறங்கும்போது நான் உள்ளே இருந்ததில்லை. அடுத்தவர் உயிரை வைத்தே பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒரு தடவகூட இல்ல" என்றேன்.

"அப்ப ஏறுங்க."

அருள் சாரைக் கொட்டகையில் விட்டுவிட்டு ரெண்டு பேரும் ஏறினோம். மேலே போகும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. தோட்டத்து வாசலில் வண்டியைத் திருப்பி இறங்கத் தொடங்கியதும்தான் என் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ரோடே இல்லை என்பது தெரிந்தது. ராத்திரி மழையில் பாறை பளபளவென்று நனைந்து கிடந்தது. டீச்சர் பிரேக்கைத் தொடவில்லை, நான் சொல்லிக் கொடுத்தபடியே எஞ்சின் பிடியில் விட்டார். பின் ஆக்ஸில் முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் உள்ளே இருக்கிற பற்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். போல்ட்டை இறுக்கினோமா, பின்னைப் போட்டோமா, அருள் சார் தாளில் ஏதாவது நம்பர் மிச்சம் இருந்ததா? கும்பிடாத சாமியில்லை. மேல் கைப்பிடியைப் பிடித்த கை மரத்தே போய்விட்டது.

நாலு சக்கரமும் ஒரே நடையாக, ஒரு இடத்தில்கூட வழுக்காமல், வண்டி கீழே வந்து கொட்டகை முன்னால் நின்றது. இறங்கினேன். இறங்கியும் கதவை விடவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். "ரொம்பப் பயந்துட்டீங்களோ?"

"ஆமா டீச்சர். உயிரே போயிருச்சு. நீங்க?"

"எனக்கு என்ன பயம்?" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக. "நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே."

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டியில் ஸ்பானர்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.